பிறப்பை ஒறுத்தால் குற்றம் ஒழியுமா?



கூலிப்படை ஓர் உயிரைப் பறித்தவுடன் 'காவலர் போதவில்லை' என்பர் ஆள்வோர். 'ஆட்சி சரியில்லை' என்பர் எதிர்ப்போர். கொன்றவனின் குலத்தைத் தேடுவோரும் உளர். இம்மூன்றாம் தேட்டத்தின் விளைவைக் கம்பம் பள்ளத்தாக்கு நன்கறியும்.

வெள்ளையரின் 1911-ஆம் ஆண்டுக் குற்றமரபினர் சட்டம் கள்ளர் சிலர்மேல் பாய்ந்தது; பின்னர்ப் பிறமலைக் கள்ளர் அனைவரையும் வளைத்தது. ஊர்க்காவலைக் குடித்தொழிலாகக் கொண்டிருந்த மக்களையே திருடர் என எழுதிவைத்தனர். பிறந்த குடிக்காகவே ஆடவர் பெருவிரல் பதித்தனர்; இரவில் காவலர் குறித்த இடத்தில் உறங்கினர். பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 3-4-1920 அன்று மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் துமுக்கிக்கு இரையாயினர். 1947-இல்தான் சென்னை மாநிலத்தில் அச்சட்டம் நீங்கியது.

அன்று துமுக்கிக்குக் குறைவில்லை, முறைக்கே குறைவு!

இன்று காவலர் தொகை பெருகட்டும், வேண்டாமென்பார் இலர். ஆயின், கூலிப்படைக்குச் சோறிட்டு வளர்ப்பவன் அரசியல் மேடையில் மாலையேற்கும்வரை, நிலையத்துக்கு நூறு காவலர் வந்தாலும் பயனென்ன?

கொன்றவனை அவன் செயலுக்காக ஒறுக்க! ஏவியவனை அவன் செல்வாக்கு நோக்காது ஒறுக்க! குலத்தை விட்டுவிடுக! அதுவே வள்ளுவர் காட்டிய செங்கோல்.