சிறுமியின் பாட்டும் புதுக்கோட்டை மிருதங்கமும்



குடுமியான்மலைச் சிகாநாத சுவாமியைத் தரிசிக்கச் செல்வோர், குன்றின் பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டப்பெற்ற இசைக் கல்வெட்டையும் கண்டிருப்பர். ஏழு பகுதிகளில் சுரக் கோவைகளை வகுத்துரைப்பது அது. உருத்திராசாரியரின் மாணவனாகிய ஓர் அரசன், மாணாக்கரின் நன்மைக்காக அதனைச் செய்வித்தான் என்று கல்வெட்டே கூறுகின்றது. பாடக் கற்கும் பிள்ளைகளை எண்ணிப் பாறையிலே பாடம் எழுதிவைத்த சீமை இது.

பிற்காலத்தில், பாடத் தொடங்கிய ஒரு சிறுமிக்குத் துணை நின்ற பெருமையும் இச்சீமைக்கு உண்டு.

1927ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரு கச்சேரி. ஏற்பாடு செய்தவர் எஃப். ஜி. நடேச ஐயர். பாட அமர்ந்தவரோ பதினோரு வயதுச் சிறுமி. மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவு அம்மாளின் மகள் சுப்புலட்சுமி. வயலின் வாசித்தவர் மைசூர் சௌடையா. மிருதங்கம், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை.

பிள்ளையவர்கள் அப்போது ஐம்பது வயதைக் கடந்தவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த மான்பூண்டியாப் பிள்ளையின் தலைமாணாக்கர். கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் நிகரற்றவர். புதுக்கோட்டை வழியின் லயக் கணக்கு என்றால், தேர்ந்த பாடகரும் சற்று விழிப்புடனே தாளம் போடுவர். பெண்கள் பாடும் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் பெரிய வித்துவான்கள் தயங்கிய காலம் அது. அத்தகைய காலத்தில் அத்தகையவர் ஒரு குழந்தையின் பக்கத்தில் அமர்ந்தார் என்பதே அவையோருக்கு ஒரு செய்தி. மிருதங்கக்காரர் நினைத்தால் இளங்குரலை ஒரு கோர்வையில் மூழ்கடித்துவிடலாம். நினைத்தால் அதனைத் தோளில் தூக்கிக்கொண்டும் நடக்கலாம். கை வன்மை மிகுந்தவருக்கே கையை அடக்கும் பொறுப்பும் மிகுதி. தமக்கு ஈடானவருடன் மோதி வெல்லுதலினும் அரிய வித்தை இது. இதற்குக் கைதட்டல் கிடைப்பதும் அரிது!

அச்சிறுமியே பின்னர் எம். எஸ். சுப்புலட்சுமி என்று உலகம் போற்றும் இசையரசி ஆனார். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1968இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. 1998இல் பாரத ரத்னா அவரை நாடி வந்தது. கச்சேரிகளால் வந்த பொருளைக் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வாரி வழங்கினார். விடியற்காலையில் நம் வீடுகளில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் வருவாயும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கே சேர வேண்டுமென்று அளித்துவிட்டார். கொடையறம் பூண்ட பெரியோர் கூடியுள்ள இவ்வவைக்கு அதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தட்சிணாமூர்த்திப் பிள்ளை 1936இல் மறைந்தார். மலைக்கோட்டையில் பாடிய குழந்தை திரையில் முதன்முதல் தோன்றிய ‘சேவாசதனம்’ வெளிவந்ததே 1938இல்தான். விருதும் புகழும் வருவதற்கு நெடுநாள் முன்னரே, அப்பெரியவர் தம் வாசிப்பை முடித்துக்கொண்டு மேடையினின்றும் எழுந்துவிட்டார்.