வாயிற்படி ஒன்று

(தலைநகரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் கலையைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இன்று நாம் ஒரு வாயிற்படியைப் பற்றிப் பேச விழைகின்றோம். சிறு பொருள் என்று தள்ளிவிட வேண்டா எனக் கேட்டுக்கொள்கின்றோம்.

நம் காலனிக் கடைத்தெருவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை ஒன்று உண்டு. சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஞாயிறுதோறும் அங்குச் சென்று, பீபரி இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று சொல்லி, கண்ணெதிரே அரைக்கச் செய்து, சூடு ஆறாத பொட்டலத்தை முகர்ந்து பார்த்தே வாங்குவார். பக்கவாதம் கண்டு சக்கர நாற்காலியில் அமர்ந்த பின்னர், அக்கடையின் ஒரே ஒரு படி அவரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டது. ஸ்கூட்டர்களுக்கு நடுவே அவர் காத்திருக்க, பேரன் உள்ளே சென்று வாங்கி வருகின்றான். கடைக்காரர் நல்லவர். "நாங்கள் தூக்கிவிடுகிறோம், ஐயா" என்கின்றார். பெரியவரோ உடன்படுவதில்லை. "மூட்டையைத் தூக்கலாம், வாடிக்கைக்காரரைத் தூக்கலாமா?" என்று ஒருநாள் நம்மிடம் கேட்டார். நமக்கு விடை கூற இயலவில்லை.

கடைகள் தெருவினும் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் தெருநீர் உள்ளே புகலாகாது. வாயிலுக்கு முன்னே சாக்கடையும் ஓடுகின்றது. எனினும், நீரைத் தடுக்க எழுப்பிய மேடை மனிதரையும் தடுக்க வேண்டுவதில்லை. சாய்தளம் அமைத்தால் இரண்டும் நிறைவேறும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அதற்குரிய கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி போதும். அதனினும் செங்குத்தாக அமைத்தால் நாற்காலி பின்னே உருளும்; பெயரளவில் சாய்தளம், உண்மையில் விபத்து. மேலும் கீழும் நாற்காலி திரும்புவதற்குச் சமதளமும், வழுக்காத தரையும், பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், மூன்று அடி அகலத்திற்குத் திறக்கும் கதவும் வேண்டும். தெருவில் இடம் குறைந்த கடைகள், வேண்டும்போது விரித்துப் பின் மடக்கி வைக்கும் பலகையைப் பயன்படுத்தலாம். எல்லாம் அமைத்த பிறகு அதன்மீது ஸ்கூட்டரை நிறுத்தாமலும் இருக்க வேண்டும்!

இஃது அருளறம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. பொதுமக்களுக்குச் சேவை அளிப்போர், அரசினராயினும் தனியாராயினும், விதிகள் வெளிவந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தம் இடங்களை அனைவரும் அணுகத்தக்கவாறு அமைக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகின்றது. விதிகள் வெளிவந்தது 2017-இல். கெடு முடிந்து ஆண்டுகள் பல ஆயின. வெறும் வழிகாட்டுதல்கள் போதா, கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

இதனால் பயனுறுவோர் சிலரே என்று எண்ணுவோர் உளர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர். கைக்குழந்தையை வண்டியில் தள்ளிவரும் தாய்மாரையும், மூட்டுவலியால் படியேற அஞ்சும் முதியோரையும் அவர்களோடு சேர்த்து எண்ணுங்கள். முதுமை நம் ஒவ்வொருவர் வீட்டிற்கும் வரும் விருந்தன்றோ!

கடைக்காரரைக் குறை கூறுமுன் நம் வாயிலையும் நோக்க வேண்டும். நம் சங்க மண்டபத்திற்குப் படிகள் மூன்று. சென்ற ஆண்டு விழாவில் இளைஞர் நால்வர் அப்பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தனர். நாம் அனைவரும் கைதட்டினோம். அவர் மட்டும் தலை நிமிரவில்லை. அன்று நாம் அதனைக் கவனித்தோமில்லை. இன்று அவருடைய இடம் வெறுமையாக இருக்கின்றது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மூன்று படிகளின் உயரம் பதினெட்டு அங்குலம். அதற்குப் பதினெட்டு அடிச் சாய்தளம் தேவை. மண்டபத்தின் பக்கவாட்டில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்துள்ள இடத்தில், அதனைத் தாராளமாக அமைக்கலாம். இவ்வாண்டு மேடை அலங்காரச் செலவைச் சுருக்கியேனும் அதனை முடிப்போம். பின்னர், நாம் அன்றாடம் செல்லும் மருந்துக்கடை, மளிகைக்கடை, சிற்றுண்டிச்சாலை உரிமையாளர்களிடம் சென்று, "எங்கள் வாயிலைத் திருத்திவிட்டோம், உங்கள் வாயிலையும் திருத்துங்கள்" என்று கேட்போம். அப்பொழுதுதான் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

அடுத்த ஆண்டு விழாவிற்கு அப்பெரியவர் எவர் கையையும் எதிர்பாராமல் தாமே வந்து முன்வரிசையில் அமர வேண்டும். அன்று கைதட்ட வேண்டிய தேவையும் இராது. "வாருங்கள் ஐயா" என்று ஒரு சொல் போதும்.