பூட்டிய வீட்டுக்கு நான் கொடுத்த வாடகை

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியது. வர முடியாத சில நண்பர்கள் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் போன வாரம் என்னிடம், "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். வீடு விற்கிறதைப் பத்தி ஒரு அரைமணி நேரம் பேசுங்களேன்" என்றார். கீழே போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். நம் வளாகத்திலேயே நான்கு வீடுகள் விற்பனைக்கு இருக்கின்றன. அதில் ஒரு காகிதம் மஞ்சளே அடித்துவிட்டது. இது போக, சொந்த ஊரில் ஒரு வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சரி என்றேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இதில் நிபுணன் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு வீடுதான் விற்றிருக்கிறேன். அதையும் சரியாக விற்கவில்லை.

எங்கள் வீடு மாயவரத்தில், மாயூரநாதர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அப்பா சம்பாதித்து வாங்கியது. பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லையில் கிணறு. அகலம் 20 அடி, நீளம் 120 அடி. ஆக 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. 2016 கடைசியில் அம்மா தவறிய பிறகு வீடு எங்கள் மூவருக்கும் சமபங்காக வந்தது. நான், புனேயில் இருக்கும் தம்பி, கும்பகோணத்தில் தங்கை. நான்தான் மூத்தவன், பேங்கில் வேறு வேலை. எனவே விற்கிற பொறுப்பு என்னிடம் வந்தது.

2017 ஜூலையில் 48 லட்சம் என்று விலை சொன்னேன். அந்த விலை எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். மூன்று வருடம் முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு மனை சதுர அடி 2,000 ரூபாய்க்குப் போனது. அதை 2,400-ஆல் பெருக்கினேன், அவ்வளவுதான். அந்த மனை 40 அடி அகலம், மெயின் ரோட்டைப் பார்த்தது. நம்முடையது 20 அடி, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். இடித்துக் கட்டுகிறவன் பக்கவாட்டில் இடம் விட்டால் மிச்சம் என்ன நிற்கும்? பி.காம். படித்தவன் இதை யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

காலமும் சரியில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் பண மதிப்பிழப்பு வந்தது. 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியது. முத்திரைத் தீர்வை 7-ஐயும் சேர்த்தால் 11 சதவீதம். வாங்குகிறவன் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் விலை கேட்பான். விற்கிற நாம் அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

ஆகஸ்டில் ஒரு பள்ளி ஆசிரியர் மனைவியோடு வந்து பார்த்தார். கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் இறைத்துக் குடித்துப் பார்த்தார். மறுநாள் 36 லட்சம் கேட்டார். வீட்டுக் கடனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார், இரண்டு லட்சம் அட்வான்ஸ் அன்றைக்கே தரத் தயார் என்றார். நான் சிரித்துக்கொண்டே, "சார், பேசுற விலையைப் பேசுங்க" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவர் கேட்ட விலைக்கே கொடுத்துடலாமே."

"உனக்கு விலை நிலவரம் தெரியாதும்மா. மாயவரம் மாவட்டமாகப் போகுது. கலெக்டர் ஆபீஸ் வந்தா விலை எங்கேயோ போயிடும்" என்றேன்.

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். அவள் வேறொன்றும் சொல்லவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்து வந்தவர் பத்திரம் கேட்டார். எடுத்துப் பார்த்தால் டவுன் சர்வே பதிவேட்டில் அப்பாவுக்கு விற்றவர் பெயரே இருந்தது. மின் இணைப்பு அப்பா பெயரில். அம்மாவுக்கு வாரிசுச் சான்றிதழே வாங்கவில்லை. இதையெல்லாம் சரிசெய்து முடிப்பதற்குள் அவர் வேறு வீடு வாங்கிக் குடியேறிவிட்டார். பிறகு மூன்று புரோக்கர்களிடம் சொன்னேன். ஒருவர் 48 என்றார், ஒருவர் 45 என்றார், ஒருவர் 42 என்றார். ஒரே வீடு, மூன்று விலை. ஊரில் எல்லோருக்கும் இது தெரிந்துபோனது. "இவ்வளவு நாளா போகலையே, ஏதாவது வில்லங்கமா?" என்றார்கள். அப்புறம் "ராசியில்லாத வீடு" என்றும் சொன்னார்கள். ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கு ஊரே கூடுகிற நேரத்தில் நான் மட்டும் ஓடு மாற்றுகிற ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று ஐப்பசி இப்படிப் போனது.

2020 பிப்ரவரியில் 33 லட்சத்துக்கு விற்றேன்.

பதிவு நாளன்று தம்பி இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். சார்பதிவாளர் அலுவலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். தங்கை போட்டோவுக்காகத் தலைப்பைச் சரிசெய்தபோதுதான் கவனித்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை அவளுக்குத்தான் கொடுத்திருந்தோம்.

"சங்கிலி எங்கேம்மா?"

"அது போன வருஷமே ஏலத்துல போயிடுச்சுண்ணே."

2017 ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகு வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அப்போது சம்பளம் ஒழுங்காக வரவில்லை. ஆகஸ்டில் வீடு விற்றதும் மீட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். ஒரு முறை வட்டி கட்டிப் புதுப்பித்தாள். அடுத்த முறை முடியவில்லை.

பேங்கில் பதினொரு வருடம் நகைக் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் நான். ஏல அறிவிப்பை உறையில் போட்டு முகவரி எழுதுகிற வேலை என்னுடையது. எத்தனை வீட்டுக்கு எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்படி ஓர் உறை வேறொரு இடத்திலிருந்து என் தங்கை வீட்டுக்கும் போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

சென்னை திரும்புகிற ரயிலில் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அதை அப்படியே சொல்கிறேன்.

2017 ஆகஸ்டில் வந்திருக்க வேண்டிய 36 லட்சத்தை வைப்புநிதியில் போட்டிருந்தால், ஆறரை சதவீதம் தனிவட்டியில், இரண்டரை வருடத்துக்கு 5,85,000 ரூபாய். வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு மாதம் 1,500 வீதம் 30 மாதத்துக்கு 45,000. ஓடு, பூச்சு வேலைக்கு 80,000. சொத்து வரி, மின்சாரம் 15,000. நான் போய்வந்த செலவு 30,000. இந்தச் செலவுகள் மட்டும் 1,70,000. ஆக, 43,55,000 ரூபாய்க்கு விற்றிருந்தால்தான் அந்த ஆசிரியர் கேட்ட விலைக்குச் சமம். நான் விற்றது 33-க்கு. நஷ்டம் 10,55,000. மூன்று பங்காகப் பிரித்தால் தலைக்கு மூன்றரை லட்சம்.

வட்டியையும் செலவையும் முப்பது மாதத்துக்கு வகுத்துப் பார்த்தேன். மாதம் 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. யாரும் குடியில்லாத, பூட்டிய வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகை கொடுத்திருக்கிறோம். அதில் ஒரு பங்கைத் தங்கை சங்கிலியாகக் கொடுத்தாள். இன்று பவுன் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

இனி உங்களுக்குப் பயன்படக்கூடிய சில விஷயங்கள்.

விலையை மனக்கணக்கில் போடாதீர்கள். பக்கத்து வீடுகளில் சமீபத்தில் என்ன விலைக்குப் பதிவானது என்பதை வில்லங்கச் சான்றிதழே காட்டும். பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். நாளிதழ் விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. அது விற்ற விலை ஆகாது.

காகிதங்களை முதலில் தயார் செய்யுங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம். நம் மாதிரி அடுக்குமாடி வீடென்றால் பிரிக்கப்படாத நிலப்பங்கு எவ்வளவு, அனுமதி வரைபடம் எங்கே, சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற கடிதம் உண்டா என்று கேட்பார்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் கடனில்தான் வாங்குவார். கட்டடத்துக்கு எத்தனை வயது, வரைபடத்தில் இல்லாத அறையை பால்கனியில் கட்டியிருக்கிறீர்களா என்பதையெல்லாம் அவருடைய பேங்க் பார்க்கும். அங்கே கடன் நின்றால் உங்கள் விற்பனையும் நின்றுவிடும்.

புரோக்கர் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும். எல்லோரிடமும் விலை ஒன்றாக இருக்கட்டும்.

வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். மந்தமான இடத்தில் சில சமயம் விலை அதற்கும் கீழே போய்விடும். வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால், நீங்கள் வாங்காத பணத்துக்கும் சேர்த்து வருமான வரிக் கணக்கு வரும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்காதீர்கள். அட்வான்ஸானாலும் அப்படித்தான்.

வரியைப் பற்றிப் பயந்து விற்காமல் இருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடென்றால், இங்கே வசிப்பவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் அதற்கான பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடம் எடுக்க முடியாது. விற்ற பிறகு ஆடிட்டரிடம் போவதைவிட, விற்பதற்கு முன் போங்கள்.

வாங்குகிறவருக்கு இப்போது கொஞ்சம் பாரம் குறைவு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4-லிருந்து 2 சதவீதமானது. தீர்வையோடு சேர்த்து 9.

எல்லோரும் உடனே விற்றாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார், பணம் யாருக்கும் அவசரமில்லை என்றால் தாராளமாகக் காத்திருங்கள். ஆனால் அப்போதும் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதைக் கூட்டிப் பார்த்து, மறுபடி முடிவு செய்யுங்கள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நான் விற்ற அடுத்த மாதம், 2020 மார்ச் 24-ஆம் தேதி, மயிலாடுதுறை தனி மாவட்டம் என்று சட்டசபையில் அறிவித்தார்கள். உறவுக்காரர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். "ஒரு மாசம் பொறுத்திருந்தா என்னவாம்?" மறுநாளே நாடு முழுக்க ஊரடங்கு. வீடு பார்க்க யார் வருவார்? மாவட்டம் தொடங்கியதே அந்த வருடம் டிசம்பர் 28-இல்தான். அதற்குப் பிறகு அங்கே விலை ஏறியிருக்கலாம். நான் விசாரிக்கவே இல்லை. விலை ஏறினாலும் அந்தச் சங்கிலி திரும்பி வராது. என் பங்கிலிருந்து தங்கைக்கு ஒரு தொகை கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். அவள் பெண்ணின் கடைசி வருடக் கட்டணத்தை மட்டும் கட்ட விட்டாள்.

பங்காளிகளோடு சேர்ந்து விற்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். விலையை முடிவு செய்வதற்கு முன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, "உனக்குப் பணம் எப்போ வேணும்?" என்று கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். யாருக்கு முதலில் வேண்டுமோ, அவருக்கு ஏற்றபடி விற்கிற தேதியை வையுங்கள். குறைந்தபட்ச விலை இது என்று எல்லோரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த விலைக்கு ஆள் வந்தால் மூத்தவரே ஆனாலும் மறுக்கக் கூடாது.

பலகையில் இருக்கிற அந்த நான்கு வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன். ஞாயிறு காலை நடைப்பயிற்சி முடிந்ததும் நான் கீழேதான் உட்கார்ந்திருப்பேன். காகிதங்களை எடுத்து வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடலாம்.