ஓதத் தெரிகிறது, வாசிக்கத் தெரிகிறதா?

(கூனிமேட்டில் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கூடியிருந்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இயக்கக் கூட்டம் என்றால் இடஒதுக்கீடு, வக்ஃபு, தேர்தல் என்று பேசுவார்கள் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று பேசப் போவது நான்கு வயதுப் பிள்ளை உட்காரும் பாயைப் பற்றி. சிரிக்காதீர்கள். இதுவும் அரசியல்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஓதி முடித்து வந்த புதிதில் ஒரு மக்தபில் காலை நேரம் நாற்பது பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தேன். அதில் ஒரு சிறுவன் என் கண்ணுக்குக் குளிர்ச்சி. 'அலிஃபு ஸபர் அ, பே ஸபர் ப' என்று மணி அடித்தாற்போல் சொல்வான். பிற பிள்ளைகளுக்கு அவனைத்தான் எடுத்துக்காட்டாகக் காட்டுவேன். ஒரு நாள் அருகே போய்க் குனிந்து பார்த்தேன். கிதாபைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓதிக் கொண்டிருந்தான்! புத்தகத்தைத் திருப்பி, நடுவில் ஓர் எழுத்தில் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்றேன். விழித்தான். அவனுக்குத் தெரிந்தது ராகம். எழுத்து தெரியாது. எட்டு மாதம் அதை நான் கவனிக்கவில்லை. கோபம் அவன் மீது வந்தது. பிரம்பும் அவன் மீதுதான் விழுந்தது. மறு வாரம் அவன் வருவதை நிறுத்திவிட்டான். இன்று நினைத்தாலும் நெஞ்சு சுடுகிறது. அடி வாங்க வேண்டியவன் அவன் இல்லை.

அந்தச் சிறுவனைப் போன்றவர்கள் எத்தனை பேர்? 'அசர்' என்று ஓர் ஆய்வு இருக்கிறது. அஸர் தொழுகை இல்லை, உருதில் 'தாக்கம்' என்ற பொருளுள்ள சொல் அது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் கிராமம் கிராமமாகச் சென்று, பிள்ளைகள் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி எடுக்கும் கணக்கு. 2022-ல் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தது ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்பு, 2018-ல் அது நூற்றுக்கு நூறாகவா இருந்தது? பத்துப் பேர்தான்.

சிலர் சொல்வார்கள், "நம் சமுதாயம்தான் கல்வியில் பின்தங்கிய சமுதாயம், ஹஸ்ரத்" என்று. 2001 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு நூற்றுக்கு 82.9, மாநிலச் சராசரியோ 73.5. நம் நன்னிமார்களை நினைத்துப் பாருங்கள். பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்கள், அரபுத்தமிழ் கிதாபை எடுத்தால் மடமடவென்று படித்தார்கள். எழுத்தின் வாசனை தெரியாத சமுதாயம் இல்லை இது. பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இப்போது அரசியலுக்கு வருகிறேன். 2007-ல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக மாநாடு போட்டோம், லாரி ஏறிப் போனோம், தொண்டை கிழியக் கோஷம் போட்டோம். அந்தக் கதவு பதினேழு வயதில் திறக்கிற கதவு. எட்டு வயதில் வாசிக்கத் தெரியாமல் போன பிள்ளை அந்தக் கதவு வரை எப்படி நடந்து போவான்? இன்னொன்று. 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குத்தான் கல்வியை உரிமையாக்கியது. மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு வரி எழுதி விட்டுவிட்டார்கள். செய்தே ஆக வேண்டும் என்று எழுதவில்லை. அந்த மூன்று வருடம்தான் பிள்ளையின் காதும் கண்ணும் கையும் எழுத்துக்குத் தயாராகும் காலம். 2019 ஜனவரியில் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. நல்ல காரியம். மற்ற அங்கன்வாடிகளுக்கும் அது வேண்டும் என்று கேட்பது நம் இயக்கத்தின் வேலை. மனு எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை பிள்ளையின் வயது நின்று காத்திருக்குமா?

நம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். மாலையில் ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தமிழகம் முழுக்கப் பெண்கள்தான் அதிகமாக முன்வந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து, வகுப்பறைக்குள் கதைக்களம், பாடல் களம், படித்தல் களம் என்று மூலை மூலையாக இடம் ஒதுக்கச் சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் என்னிடம், "பள்ளிக்கூடத்தைத் திருவிழாக் கடைத்தெரு ஆக்கிவிட்டார்கள்" என்றார். நான் சொன்னேன்: "பெரியவரே, இது நம் மக்தபில் இருந்த வழக்கம்தான்."

யோசித்துப் பாருங்கள். பழைய மக்தபில் எல்லோருக்கும் ஒரே பாடமா இருந்தது? ஒருவன் அலிஃபில் இருப்பான், ஒருவன் பதினைந்தாவது ஜுஸ்வில் இருப்பான். ஒவ்வொருவனும் உஸ்தாத் முன்னால் தனித்தனியாக வந்து ஒப்பிப்பான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பான். திண்ணைப் பள்ளியிலும் அப்படித்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதையும், பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுக்கும் முறையையும் எடுத்துக்கொண்டு போய் 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்று அதற்குப் பெயரே வந்தது. நம் வீட்டு மணல் கப்பலேறிப் போயிற்று. நாமோ நான்கு வயதுப் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுத்து, பக்கம் பக்கமாக 'ஏ' எழுதச் சொல்கிறோம். நாற்பது பேரையும் ஒரே பாடத்தில் உட்கார வைத்தவன் இதோ உங்கள் முன் நிற்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இருபது பிள்ளைகள் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலை. மூலைக்கு ஐந்து பிள்ளைகள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கை தட்டினால் இடம் மாற வேண்டும். ஒரு நாளில் நான்கையும் சுற்ற வேண்டாம், இரண்டு போதும். ஆசிரியை ஒரே ஒரு மூலையில்தான் உட்கார வேண்டும். அந்த ஐந்து முகத்தையும் அருகிலிருந்து பார்க்க வேண்டும். நான் எட்டு மாதம் பார்க்கத் தவறியதை அவர் ஒரே வாரத்தில் பார்த்துவிடுவார். முதல் வாரமே நான்கையும் திறந்தால் சந்தைக்கடையாகிவிடும். முதலில் ஒரு மூலை. பிள்ளைகள் பழகிய பிறகு அடுத்தது.

சுவரில் பிள்ளை உயரத்துக்கு ஐந்து ஆணி அடித்து வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய அட்டை. மூலைக்குப் போகிற பிள்ளை தன் அட்டையை மாட்ட வேண்டும். ஐந்து ஆணியும் நிறைந்துவிட்டால் இடமில்லை. சண்டையும் இல்லை. அந்தப் பிள்ளை முதன்முதலாக வாசிக்கும் சொல் தன் பெயராகவே இருக்கும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் பெயர் என்ன? ஜமீலா, ஹாஜரா, ஷாஹுல், ஃபாத்திமா. ஜ, ஷ, ஹ எல்லாம் அரிச்சுவடியின் கடைசிப் பக்கத்தில் கிடக்கும் எழுத்துக்கள். சில புத்தகங்களில் அதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அன்பரசு முதல் நாளே தன் எழுத்தைப் பார்த்துவிடுகிறான். ஹாஜரா வருடக் கடைசி வரை காத்திருக்கிறாள். யாரும் வேண்டுமென்று செய்த அநியாயம் இல்லை இது, எழுத்து வரிசை அப்படி. ஆனால் அந்தப் பெயர் அட்டை முதல் நாளே அவள் கையில் இருந்துவிட்டால், அவளும் அன்பரசுவும் ஒரே நாளில் புறப்படுவார்கள்.

ஒரு மூலை வாசிப்பு மூலை: பாய், பத்துப் படப் புத்தகம். அட்டை முகம் தெரியும்படி வைக்க வேண்டும். அடுக்கி வைத்தால் பிள்ளை எடுக்காது. இன்னொரு மூலையில் ஒரு நன்னியை உட்கார வையுங்கள், கதை சொல்ல. சம்பளம் வேண்டாம், தேநீர் கொடுங்கள். மூன்றாவது எழுதும் மூலை. இங்கேதான் மணல் தட்டு. "நாம் உப்பளத்துக்காரர்கள், உப்பையே தட்டில் போட்டால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டான். நானும் பரப்பிப் பார்த்தேன். நம் அளத்துக் கல்லுப்பு விரலுக்குப் படியாது; பொடித்தால் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் நீர்த்துவிடுகிறது; விரலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் பிள்ளை அலறுகிறது. ஆகவே மணல்தான். கடற்கரை மணலை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, வெயிலில் காய வைத்து, சலித்துப் போடுங்கள். முதலில் 'அ' வேண்டாம், அது பெரியவர்களுக்கே வளையாத எழுத்து. ட, ப, ம என்று கோடு போடுகிற எழுத்தில் தொடங்கலாம்.

நம் பிள்ளைக்கு ஒரு சங்கடம் உண்டு. காலையில் மக்தபில் வலமிருந்து இடம், பகலில் இடமிருந்து வலம். குழம்புகிறது. அட்டையில் வரி தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். தமிழுக்கு இடப்பக்கம், அரபிக்கு வலப்பக்கம். விரல் புள்ளியில் தொடங்கட்டும்.

நான்காவது மூலை கடை. வணிகப் பெருமக்களே, இது உங்கள் மூலை! காலியான பிஸ்கட் டப்பா, டீத்தூள் பெட்டி, சோப்பு உறை எல்லாம் வேண்டும். டப்பாவில் 'உப்பு', 'சீனி', 'அரிசி' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு பிள்ளை முதலாளி, ஒரு பிள்ளை வாடிக்கையாளர். முதலாளி பில் போடுவார். என்ன கிறுக்கினாலும் திருத்த வேண்டாம். 'தாளில் எழுதினால் அது பேசும்' என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் எழுத்தறிவின் தொடக்கம். உங்கள் கடையில் கணக்கு எழுதப் போகிறவனும் அவன்தானே!

நோன்பு மாதத்தில் நீங்கள் அள்ளிக் கொடுப்பதை அறிவேன். ஆண்டு விழா மேடைக்கும், அலங்கார வளைவுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறீர்கள். பிள்ளைகள் உட்காரும் பாய் கிழிந்து கிடக்கிறது. நான் பணம் கேட்கவில்லை. இரண்டு சலுகைதான் கேட்கிறேன். வீட்டில் உங்கள் பிள்ளையிடம் "இன்று எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "என்ன கதை கேட்டாய்?" என்று கேளுங்கள். அந்தப் பக்கம் போகும்போது உள்ளே சத்தம் கேட்டால், "விளையாடத்தான் விடுகிறார்கள்" என்று தெருவில் பேசாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளை இருபது பேர் உள்ள அறையில் சத்தம் இல்லையென்றால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

பத்ரு யுத்தக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதையே மீட்புத் தொகையாக நபி (ஸல்) அவர்கள் வைத்தார்கள் என்பதை அறிவீர்கள். எதிரியிடமிருந்தும் எழுத்தை வாங்கினார்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவையும் கவனியுங்கள். நான் நாற்பது பேருக்கு ஒருவனாக இருந்தேன். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர் ஷிஃபா (ரலி) என்ற பெண்மணி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் சகோதரிகளை அனுப்பத் தயங்குகிற அத்தாமார்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

குப்பத்துப் பிள்ளையும், விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற தாயின் பிள்ளையும் வந்தால் தனிப் பாய் கிடையாது, அதே பாய்தான். இதில் விவாதம் வேண்டாம்.

இளைஞர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் நம் கரையில் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தைத் தரையில் வைக்கக் கூடாது. இடுப்பு உயரத்தில் ஒரு பலகைத் தட்டு, மழைக்காலத்துக்கு மூடி போட்ட தகர டின் இரண்டு. தச்சு வேலை தெரிந்தவர்கள் இன்று இஷாவுக்குப் பிறகு என்னிடம் பெயர் கொடுங்கள். இருபது பெயர் அட்டைகள் எழுத, கையெழுத்து நன்றாக உள்ள இருவர் வேண்டும். பழைய காலண்டர் அட்டைகளைக் கடைக்காரர்கள் நாளை காலை பள்ளிவாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம். மணலை நான் அலசிக் காய வைத்துவிட்டேன். சலிக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும்.