அறுந்த நரம்பும் கொழுகொம்பும்



கண்ணாடியோ அரிவாளோ பட்டுக் கை அறுபட்டால், தோல் சில நாட்களிற் கூடிவிடுகின்றது. ஆயின் விரலோ சிலர்க்கு மரத்தே கிடக்கின்றது. ஊசி குத்தினும் உணர்வதில்லை. காயம் ஆறியும் கை ஆறாமைக்குக் காரணம் யாது? உள்ளே நரம்பு அறுந்தமையே.

நரம்பு ஒரே நூலன்று. நுண்ணிழைகள் பல அடங்கிய வடம். அறுந்த இடத்திற்கு அப்பாலுள்ள இழைகள் அழிந்தொழியும். இதனை வாலர் என்னும் அறிஞர் 1850-ஆம் ஆண்டில் தவளையின் நாக்கு நரம்புகளைக் கொண்டு காட்டினார். இப்பாலுள்ள இழையோ மீண்டும் தளிர்க்கும். ஆனால் பற்றிச் செல்ல வழியில்லையேல், கொழுகொம்பு காணாத கொடிபோல் அத்தளிர் சுருண்டு முடிச்சாகிவிடும்.

முனைகள் இரண்டும் இழுப்பின்றிக் கூடுமாயின் மருத்துவர் தைத்துவிடுவர். இடைவெளி பெரிதாயின், காலிலுள்ள உணர்ச்சி நரம்பொன்றை எடுத்து இடையே வைத்து ஒட்டுவர். அதனாற் பாதத்தின் வெளிப்புறம் மரத்துப்போகும். ஒன்றை இழந்தே ஒன்றைப் பெறுகின்றோம். இக்குறை நீங்கவே சிறு குழாய்கள் வந்தன. முன்னர்ச் சிலிக்கோன் குழாயை இட்டுப் பார்த்தனர். அது கரையாது உடலிலேயே தங்கி, சிலர்க்கு நரம்பை நெருக்கியது. இப்பொழுது மாட்டின் தசைநாரினின்று எடுக்கும் கொலாஜெனாலும், இறால் நண்டு ஓட்டினின்று பெறும் கைட்டோசனாலும் குழாய்கள் செய்கின்றனர். இவை தளிருக்கு வழிகாட்டிப் பின் மெல்லக் கரைந்துவிடும். ஆயினும் சுமார் 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிக்கு வெறுங்குழாய் போதாது.

நிற்க. குழாய் வழியைத் தருமேயன்றி வளர்ச்சியைத் தாராது. நரம்பு வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டரே. முழங்கையில் அறுந்தால் உள்ளங்கையை அடையப் பத்துமாதமளவு ஆகும். நரம்பின் தொடர்பு ஓராண்டு, ஒன்றரையாண்டு அற்ற தசையோ மெலிந்து, பின்னர் நரம்பு வந்தாலும் பயன்படாது போகக்கூடும். ஆதலின் இங்கே காலமே பெருஞ்செல்வம்.

எனவே, வீட்டில் எவர்க்கேனும் கை அறுபட்டால், தோல் தைத்தது போதுமென்று திரும்பிவிடாதீர்கள். அன்றே ஒவ்வொரு விரலையும் தொட்டு, உணர்வுண்டா, அசைகின்றதா என்று பாருங்கள். இல்லையேல் காலந் தாழ்த்தாது மருத்துவரிடஞ் சொல்லுங்கள். சிகிச்சைக்குப்பின் மாதங்கள் சில சென்றும் பயன் தோன்றவில்லையே என்று பயிற்சியைக் கைவிடாதீர்கள். மரத்த விரல் சூடறியாது. அடுப்பங்கரையில் அதனைக் கண்ணாற் காத்தல் வேண்டும்.

வெளியே ஒன்றுந் தெரியாதிருக்கும் அந்நாட்களிலும் உள்ளே கொடி படர்ந்துகொண்டிருக்கலாம். காலத்தே செய்க, செய்தபின் பொறுத்திருக்க.