டம்ளர் யார் கழுவுவது?

(நம் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன், சுருக்கமாக முடித்துவிடுவேன்.

போன வருஷம் மே மாதம். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா, பள்ளிக்கூடம் லீவு என்று மகளையும் கூட்டி வந்தார். மூன்றாம் வகுப்பு முடித்த பாப்பா. உட்காரச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் சிங்க் பக்கத்தில் நின்று டம்ளர் விளக்கிக்கொண்டிருக்கிறது. ஹாலில் என் பேரன், அவனும் அதே வகுப்புத்தான், சோபாவில் படுத்தபடி "அப்பாரு, தண்ணி" என்றான். அந்தப் பாப்பா கழுவி வைத்த டம்ளரில்தான் பிடித்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது.

14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலேயே தடை செய்யப்பட்டது. 2016 திருத்தத்துக்குப் பிறகு எந்தத் தொழிலுக்கும் கூடாது. ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். "அம்மாவுக்கு ஒத்தாசைதானே" என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டம் விதிவிலக்கு தருவது சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதற்கு. பாத்திரம் நம்முடையதுங்க.

நானும் சின்ன வயதில், லீவு விட்டால் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனவன்தான். டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை மடித்து அடுக்க வேண்டும். சனிக்கிழமை சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கூட வந்தவர்களில் இரண்டு பேர் லீவு முடிந்தும் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. நான் பி.காம். படித்தேன். அதனால், வேலை செய்தால் குழந்தைக்குப் பொறுப்பு வரும் என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்.

அதற்காகப் பேரன் படுத்தே கிடக்கலாமா? 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையில், தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, துணி மடிப்பது எல்லாமே பாடம். இப்போது எங்கள் வீட்டில் அவன் தட்டை அவன் கழுவ வேண்டும், அவன் துணியை அவன் மடிக்க வேண்டும், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துப் போட வேண்டும். முதல் வாரம் சமையலறை முழுக்கத் தண்ணீர். "நான் ஒரு நிமிஷத்துல முடிச்சிருவேன், பையனை எதுக்குங்க படுத்தறீங்க" என்றார் வீட்டுக்காரம்மா. தட்டுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று பேரன் கேட்டான். சாப்பிட்டவன் கழுவ எதற்குக் கூலி? தரவில்லை. இதில் இன்னொன்று: அவன் அக்கா இதையெல்லாம் ரொம்ப நாளாகவே செய்துகொண்டிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

அந்தப் பாப்பாவை ஏன் கூட்டி வருகிறீர்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "வூட்டுல தனியா விடப் பயமா இருக்குதுங்க" என்றார். நம் சங்க அறை காலையில் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. கோடை லீவில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை திறந்து வைத்தால், வேலைக்கு வருபவர்களின் குழந்தைகளும் நம் குழந்தைகளும் ஒன்றாக உட்காரலாம். கேரம் போர்டு இருக்கிறது, புத்தக அலமாரி இருக்கிறது. சாவி செயலாளரிடம். முதல் வாரம் நான் உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டாவது வாரத்துக்கு யார் என்று இப்போதே கை தூக்கிவிடுங்கள்.