மும்பைக்குப் போகுமுன் எதைப் படிப்பது?



டிசம்பர் 6 அன்று சைத்யபூமியில் அஞ்சலி செலுத்த ஒவ்வோர் ஆண்டும் நம்மில் சிலர் மும்பைக்கு ரயிலேறுகிறோம். போகுமுன் எதைப் படிக்கலாம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சின்னக் கேள்விபோலத் தெரியும். ஆனால் அந்த நகரத்தை யார் கண்ணால் பார்க்கப்போகிறோம் என்பதை நாம் கையில் எடுக்கும் புத்தகம்தான் முடிவு செய்கிறது.

சுற்றுலாக் கையேடுகள் கேட்வே ஆஃப் இந்தியாவைக் காட்டும், மெரைன் டிரைவைக் காட்டும். நகரத்தைக் கட்டியவர்களையும் கூட்டுகிறவர்களையும் காட்டாது. ஆகவே ஒரு புத்தகத்தை எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவர் நகரத்தின் எந்த இடத்திலிருந்து எழுதுகிறார்? அதில் யார் உழைக்கிறார்கள்? முதலில் எந்த மொழியில், எந்த ஆண்டில் வந்தது?

முதல் கேள்விக்கு நாம்தேவ் தசாலின் ‘கோல்பிட்டா’. காமாத்திபுரா பக்கத்தில் அவர் வளர்ந்த பகுதியின் பெயரே தொகுப்பின் பெயர். வெளிவந்தது 1972இல். ராஜா தாலே, ஜே.வி. பவார் ஆகியோருடன் சேர்ந்து அவர் தலித் சிறுத்தைகளைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கவிதையையும் இயக்கத்தையும் தனித்தனியாகப் படிக்க முடியாது.

இரண்டாவது கேள்விக்குத் தயா பவாரின் ‘பலுத்தா’. ஊர்த் தொழிலுக்குக் கூலியாக மகர்களுக்குக் கிடைத்த தானியப் பங்கின் பெயர் அது. ஊரை விட்டால் சாதி விட்டுவிடும் என்று நம்பி வந்தவர்களுக்கு முன்பே சாதி மும்பைக்கு வந்து காத்திருந்தது. பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை. நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், அதனால் தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் எழுப்பினார். வர்க்க ஒற்றுமை பேசுகிறவர்கள் அந்த நூலை மறக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வி மொழி. ‘பலுத்தா’ மராத்தியில் 1978இல் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததோ 2015இல். 37 ஆண்டுகள். கடையில் புதிதாகக் கிடைப்பதை மட்டும் படித்தால் நமக்குத் தெரிவது தாமதமாக வந்த மும்பைதான். ஆண்கள் எழுதியதோடு நிறுத்தினால் பாதி மும்பைதான். ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கப் பெண்களைத் தேடிப்போய்ப் பேசி, அவர்களின் வரலாற்றை 1989இல் நூலாக்கினார்கள். அதையும் பட்டியலில் சேருங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘கோல்பிட்டா’வைப் படித்துவிட்டுக் கைப்பேசிக் கேமராவோடு காமாத்திபுராவைச் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். தாராவியைக் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நாம் நிற்பதற்காக இந்த நூல்கள் எழுதப்படவில்லை. கேமராவைக் கீழே இறக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவற்றின் வேலை.

வொர்லியின் பி.டி.டி. சால் குடியிருப்புகள் 1920களில் கட்டப்பட்டவை. 1974 ஜனவரியில் சிறுத்தைகள் மீதான தாக்குதலையும் கலவரத்தையும் கண்ட இடம். இன்று அவற்றை இடித்து அடுக்குமாடிகள் எழுப்புகிறார்கள். நல்ல வீடு மக்களின் உரிமைதான். ஆனால் சுவர் போனபின் அங்கே நடந்ததற்குச் சாட்சி எழுத்து மட்டுமே. தாராவிக்கும் மறுகட்டுமானம் வந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய் அங்கே தலைமுறைகளாக வாழும் நம் மக்களின் கதை எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது? உங்களில் சிலர் அங்கே சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோதான் தங்கப்போகிறீர்கள். அவர்களிடம் கேளுங்கள். எப்போது வந்தார்கள், முதலில் என்ன வேலை பார்த்தார்கள், யார் வீடு கொடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

டிசம்பர் 6 அன்று சிவாஜி பூங்காவில் புத்தகக் கடைகள் நிறைந்திருக்கும். மராத்தி தெரியாவிட்டாலும் ஒரு நூல் வாங்கி வாருங்கள். மொழிபெயர்க்க ஆளைத் தேடுவோம். போகும்போது பையில் அவர்கள் எழுதிய புத்தகம் இருக்கட்டும். திரும்பும்போது நாம் எழுத வேண்டியதற்கான குறிப்பேடும் இருக்கட்டும்.